முருங்கைக்காய் நறுக்கிய புலவர்

போன வாரம் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இடைக்காலத்துப் பெண்புலவர் ஒருவர் பாட்டு எழுதுகிறாராம். கம்ப்யூட்டர் வரைந்த படம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. புலவர் அப்போதுதான் பியூட்டி பார்லரிலிருந்து எழுந்து வந்தவர் போல இருந்தார். புருவம் திருத்தியிருந்தது. பின்னால் ஒரு கோபுரம். எந்த ஊர்க் கோபுரம் என்று அதற்கே தெரியாது. அதெல்லாம் போகட்டும். மடியில் பனையோலை, கையில் வெள்ளை இறகு. ஏதோ வாத்தின் இறகு. பனையோலையில் இறகால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓலையில் எழுதுவது என்றால் கீறுவது, அதற்கு இரும்பு எழுத்தாணி வேண்டும், கீறிய பிறகு கரி தடவித் துடைத்தால்தான் எழுத்து தெரியும் என்றெல்லாம் விளக்கி, பத்தி பிரித்து, உள்தலைப்பு கொடுத்து ஒரு செய்தி எழுதினேன். அனுப்புவதற்கு முன் பிழை பார்த்தேன். பதிலுக்கு ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். ஒருவர் ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் சொன்னார். எதிர்வீட்டு உஷா, "அக்கா, தண்ணி லாரி வந்துட்டுச்சா?" என்று கேட்டிருந்தாள்.

நான் எப்போதும் இப்படித்தான். எங்கள் வீட்டு மளிகை அலமாரியில் டப்பாக்கள் உயர வரிசையில் நிற்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் கல்யாணம் யாருக்கு என்று பார்ப்பேன். நாட்குறிப்பை ஸ்கேல் வைத்து ஓரம் கட்டி எழுதுகிறேன். அதை யாரும் படிக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஓரம் நேராக இருக்க வேண்டும்.

அன்று மாலை பக்கத்து வீட்டில் புதுக் கதவுக்கு வார்னிஷ் அடித்தார்கள். வாசனை சன்னல் வழியாக வந்தது. மற்றவர்களுக்குத் தலைவலி தருகிற வாசனை எனக்குப் பசியைத் தரும். என் முதல் வேலை ஒரு பொம்மைப் பட்டறையில்; அங்கே மத்தியானச் சாப்பாட்டை வார்னிஷ் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். எலுமிச்சைச் சாதமும் வார்னிஷும் இன்றுவரை எனக்கு ஒரே வாசனைதான். பழைய இறகுக் கோபமும் புதிய வார்னிஷ் வாசனையும் சேர்ந்து என்னை அந்தப் பொம்மைப் பட்டறைக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டன.

சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அது. ஊரில் பாதிப் பேர் பட்டு நெய்துகொண்டிருந்தபோது இந்தத் தெருக்காரர்கள் காகிதத்தைக் கூழாக்கிக் கொலுப் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். நான் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுப் பெண். அஞ்சல் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, ஏதாவது பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. பொம்மைகளுக்கும் பெட்டிகளுக்கும் பெயர்ச்சீட்டு எழுதக் கையெழுத்து நன்றாக உள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி ஒரு காகிதத்தில் 'கல்யாண செட்டு' என்று எழுதிக் காட்டச் சொன்னார். கோடு போடாத காகிதமாக இருக்கிறதே என்று கேட்டேன். அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வியாபாரம் காஞ்சிபுரத் தமிழில் நடக்கும். கோபம் இரண்டிலும் வரும். களிமண்ணில் உருவம் பிடிப்பது அவர்தான். அந்த உருவத்திலிருந்து அச்சு எடுப்பார்கள். அச்சுக்குள் கூழை அமுக்கி, முன்பாதி பின்பாதியாக எடுத்து ஒட்டி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, வர்ணம் அடிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகு கண். கண் எழுதுவது கஸ்தூரி அக்கா. நாற்பது வயதிருக்கும். அவர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர் மட்டும் நிறுத்தமாட்டார்.

கூழுக்குப் பழைய காகிதம் மூட்டை மூட்டையாக வரும். பெரும்பாலும் பள்ளிக்கூட விடைத்தாள்கள். அவற்றை ஊறவைத்துப் பின்கட்டில் கல்லுரலில் போட்டு உலக்கையால் இடிப்பார்கள். சேர்ந்த முதல் வாரம், ஊறப்போட வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். மதிப்பெண் கூட்டலில் தப்பு. பென்சிலால் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டேன். கஸ்தூரி அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னாமா பண்ற?"

"கூட்டல் தப்பா இருக்குதுக்கா."

"அது நாளைக்குப் புள்ளையாரு தொந்தியாவப் போவுது. பாஸானா இன்னா, ஃபெயிலானா இன்னா?"

அன்றிலிருந்து என் பெயர் டீச்சரம்மா. எந்தப் பள்ளிக்கூடமும் கொடுக்காததை அந்தப் பட்டறை கொடுத்தது.

பொம்மை வியாபாரத்தில் ஆடி மாதம் வந்தால் சென்னை வியாபாரிகள் "புதுசா இன்னா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கிரிக்கெட் செட் போட்டாயிற்று. ஆஸ்பத்திரி செட் போட்டாயிற்று. அந்த வருஷம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, பொம்பளைப் புலவருங்கள ஒரு செட்டா போடலாமா? நீ அதெல்லாம் படிச்சவதானே?"

எனக்குக் காது குளிர்ந்தது. படித்ததை ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

மூன்று பேருக்கு ஏற்கனவே அச்சு இருந்தது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. கொலு பார்த்த யாருக்கும் தெரியும். ஒருவர் கையில் பூமாலை, ஒருவர் கையில் தடி, ஒருவர் கையில் தாளம். மூவரையும் அலமாரியிலிருந்து இறக்கி உயர வரிசையில் வைத்துப் பார்த்தேன். பிறகு பக்கத்துத் தட்டைப் பார்த்தேன். அங்கே ஆண்புலவர்கள். ஒருவர் விடாமல் இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. எழுதினாரா என்றே நிச்சயமில்லாத ஒருவர் கையில்கூட இருந்தது.

இத்தனை வருஷம் கொலு பார்த்தும் எனக்கு இது உறைத்ததில்லை. அந்தப் பெண்களின் பாட்டுகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. பின்னால் வந்த புலவர்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். சிற்பிகள் கல்லில் செதுக்கினார்கள், நாடகக்காரர்கள் மேடையேற்றினார்கள், காலண்டர்காரர்கள் சுவரில் மாட்டினார்கள். இத்தனை பேரில் ஒருவருக்கும் அவர்கள் கையில் எழுதுகோலைக் கொடுக்கத் தோன்றவில்லை. வாழ்க்கையில் நடந்ததாகச் சொல்லும் கதைக்கு ஏற்ற பொருளைக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் எழுதவில்லை, பாடத்தானே செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியைப் பக்கத்துத் தட்டைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் நான் பட்டறை நடுவில் நின்று சொன்னேன். மேற்கோள்களோடு இன்னும் நீளமாகவே சொன்னேன்.

"மூச்சு வுட்டுக்கோமா," என்றார் கஸ்தூரி அக்கா. "நீ பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு டஜன் காஞ்சிட்டுது."

முதலாளிக்குக் கவலை வேறு. "மூணு பேரும் எல்லாக் கடையிலயும் இருக்குறாங்க. நாலாவது ஒருத்தி வேணும். எவன்கிட்டயும் இல்லாதவளா இருக்கணும்."

எனக்கு ஒருவர் இருந்தார். எம்.ஏ. படிக்கும்போது ஒரு தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் பார்த்த இடைக்காலத்துப் பெண். சில பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. யார் மகள், எந்த அரசன் பரிசு கொடுத்தான், எந்தக் கோயிலில் சோதியில் கலந்தார், ஒன்றும் இல்லை. இருக்கிற பெயரும் ஏட்டைப் படியெடுத்தவர் வைத்ததாக இருக்கலாம். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவருக்கும் ஒரு இறகைக் கொடுத்துப் படம் அனுப்புவார்கள்.

"கதையே இல்லியா?" என்றார் முதலாளி. "அப்போ கையில இன்னா குடுக்கறது?"

"எழுத்தாணி."

அவர் கொஞ்ச நேரம் மண்ணைப் பிசைந்தார். "பொம்பளை கையில எழுத்தாணி குடுத்தா யாருன்னு தெரியும்?"

"எழுதறவங்கன்னு தெரியும்."

"கணக்கப்புள்ள சம்சாரம்னு நெனைப்பாங்க." இன்னும் கொஞ்சம் பிசைந்தார். மனசு இளகினால் 'பெண்ணே' என்பது அவருக்குத் தெலுங்கில் 'அம்மாயி' என்று வந்துவிடும். "சரி அம்மாயி. இந்த நவராத்திரிக்குப் போட்டுப் பார்ப்போம். வித்தா வருஷா வருஷம் போடுவோம். விக்கலேன்னா அச்சை ஒடைச்சிடுவேன். வெக்க எடம் இல்ல."

அந்தப் பொம்மை எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. படித்து என்ன கிழித்தாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இன்னும் மோசம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏதோ ஒரு வீட்டுக் கொலுவில், யாரோ ஒருவர், சீட்டைப் படிக்காமலே அந்தப் பொம்மையைப் பார்த்து "இவ எழுதறா" என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. ஒரே ஒருவர். அதற்காகக் கச்சபேஸ்வரர் கோயிலில் வேண்டிக்கொண்டுகூட வந்தேன். கடவுளிடமும் விளக்கமாகத்தான் வேண்டினேன்.

முதலாளி மண்ணில் உருவம் பிடித்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். இடது கையில் ஒரு ஓலைத்துண்டு, வலது கையில் எழுத்தாணிக்குப் பதிலாக என் ஸ்கேல். ஓலையில் எழுதுகிறவர்கள் எழுத்தாணியை இடது கட்டைவிரல் நகத்தில் முட்டுக்கொடுத்து எழுதுவார்கள், அதற்காக நகத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதைக் காட்ட வேண்டும் என்றேன். அந்தப் பொம்மையின் கட்டைவிரலே ஒரு நெல் அளவுதான். முதலாளி என்னையும் நெல்லையும் மாறி மாறிப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் அர்த்தம் கேட்கவில்லை.

மண் காய்ந்ததும் கஸ்தூரி அக்கா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூக்கப் பாத்தியாமா? ஒன்னுதேதான். தப்பு கண்டுபுடிக்கிற மூக்கு."

முதலாளி எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்கள் ஜாடையைப் பிடித்துவிடுவார் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி செட்டில் டாக்டர் முகம் அவர் மைத்துனர் முகம். ஆனாலும் எனக்கு உள்ளூரக் கர்வம். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டேன். அன்றைய நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தால் மேகமூட்டம் என்றும் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். கர்வத்தைப் பதிவு செய்ய ஓரத்தில் இடமில்லை போலிருக்கிறது.

முதல் எழுத்தாணியை ஈர்க்குச்சியில் செய்தோம். கறுப்புப் பூசிக் கையில் செருகினால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வைக்கோல் திணித்த பெட்டியில் அடுக்கி, தள்ளுவண்டியில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து திறந்தோம். ஒரு எழுத்தாணிகூட உடையாமல் மிஞ்சவில்லை. நான் விடவில்லை. கம்பியில் செய்யலாம் என்றேன். கம்பி உடையவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த செட்டியார் பொம்மையின் வயிற்றில் இறங்கியிருந்தது. கல்யாண செட்டில் ஒரு மணப்பெண்ணுக்குக் கன்னத்தில் பொத்தல்.

முதலாளி அந்த மணப்பெண்ணை எடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் நிதானமாகச் சொன்னார்: "எழுதட்டும் டீச்சரம்மா. நான் வேணாம்னு சொல்லல. கையில ஒண்ணும் இல்லாம எழுதட்டும்."

கஸ்தூரி அக்கா தலை நிமிராமலே, "உக்கார வெச்சிட்டு மடியில போடுங்களேன்," என்றார். உட்கார்ந்த பெண். மடியில் குறுக்கே ஓலை, ஓலைமேல் எழுத்தாணி. எல்லாம் ஒரே அச்சில் வந்துவிடும். செருகவும் வேண்டாம், உடையவும் உடையாது. நல்ல யோசனை. அதனாலேயே நான் எதிர்த்தேன். மடியில் கிடக்கிற எழுத்தாணி எழுதுவதில்லையே என்றேன்.

"எழுதி முடிச்சிட்டு வெச்சிருக்குறா," என்றார் முதலாளி. "ரெஸ்ட்டு."

ஒத்துக்கொண்டேன். உருவத்தை மறுபடி பிடித்தார், மூக்கு மாறவில்லை. வர்ணம் அடிக்கும்போது, பதப்படுத்திய ஓலை வெளிர் மஞ்சளாக இருக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் மஞ்சள் எல்லாம் முருகன் வேட்டிக்குப் போய்விட்டிருந்தது. சீசன் நேரத்தில் யார் கடைக்குப் போவார்கள்? பச்சை இருந்தது. பச்சை அடித்தார்கள்.

நவராத்திரி வந்தது. செட் விற்றிருந்தது, நன்றாகவே விற்றிருந்தது. யார் யார் வாங்கினார்கள் என்று கடைக்காரர்களிடம் விசாரித்து வைத்துக்கொண்டு, சாயங்காலங்களில் கொலு பார்க்கக் கிளம்பினேன். அதுவரை யார் வீட்டுக்கும் தானாகப் போகாதவள் நான்.

முதல் வீட்டில் பூமாலை, தடி, தாளம் மூன்றும் நடுப்படியில் அடியார்களோடு நின்றன. நாலாவதைக் காணோம். படி படியாகத் தேடினேன். அடிப்படியில், சந்தைக் காட்சியில், காய்கறிக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் புலவர்.

"இந்தப் பொம்மை இங்க இருக்குதே?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா, முருங்கைக்கா நறுக்குது பாரு," என்றார் அந்த வீட்டு அம்மா. "எவ்ளோ அம்சமா இருக்குது! நம்ம வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து நறுக்கற மாதிரியே."

மடியில் குறுக்கே நீளமாகப் பச்சை. அதன்மேல் கூர்மையாகச் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்பு. இப்போது எனக்கும் முருங்கைக்காயாகத்தான் தெரிந்தது.

"இது புலவருங்க. இது ஓலை, இது எழுத்தாணி. சீட்டுல எழுதியிருக்குமே?"

"சீட்டா? பிச்சிட்டேனேமா. பசை அசிங்கமா இருந்துச்சு." அவர் என் முகத்தைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். "உன் ஜாடைகூட அடிக்குது. இந்தா, சுண்டல் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோ."

இரண்டாவது வீட்டில் புலவர் கல்யாண செட்டில் சமையல்காரர்களோடு அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்தார். மூன்றாவது வீட்டில் இன்னும் அக்கறையானவர்கள். நிஜ பீன்ஸைப் பொடியாக நறுக்கி மடியைச் சுற்றித் தூவியிருந்தார்கள். ஒன்பது நாளும் போனேன். ஊர் முழுக்க என் மூக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. விளக்கம் சொல்லச் சொல்லச் சுண்டல்தான் கூடியது. என் அம்மா, "இன்னாடி, தினமும் இவ்ளோ சுண்டல்?" என்று சந்தோஷப்பட்டார்.

சரஸ்வதி பூஜை முடிந்ததும் சென்னையிலிருந்து கடிதங்கள் வந்தன. அந்த முருங்கைக்காய்ப் பொம்மை மட்டும் தனியாக வேண்டும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஓலையில் நாலு கோடு எழுத்து மாதிரி இழுத்துவிடச் சொல்லுங்கள், அப்போது யாருக்கும் சந்தேகம் வராது.

அவர் உண்மையாகவே யோசித்தார். பிறகு, பாவப்பட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"எழுத்து போட்டா, முருங்கைக்கான்னு எவன் வாங்குவான் அம்மாயி?"

அடுத்த வருஷமும் அங்கேதான் இருந்தேன்; பள்ளிக்கூடங்கள் இன்னும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. புரட்டாசி தொடங்கிய ஒரு மத்தியானம். கஸ்தூரி அக்கா எதிரில் பலகை பலகையாக முருங்கைக்காய்ப் பொம்மைகள், கண் இல்லாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். 'காய் நறுக்கும் பெண்.' அழகான கையெழுத்தில், கோடு போட்டு.

"ஏம்மா," என்றார் அக்கா. "அந்தப் பொம்பளை இன்னாதான் எழுதினா?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுத்தாணியைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நகத்து வெட்டைப் பற்றி, ஓலையின் நிறத்தைப் பற்றி, பக்கத்துத் தட்டு ஆண்களைப் பற்றி எல்லாம் பட்டறைக்கே மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சொல்லியிருந்தேன். பாட்டை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பின்கட்டில் கூழ் இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கைச் சத்தம் கொஞ்சம் ஓயட்டும் என்று காத்திருந்து, செய்யுளை விட்டுவிட்டுப் பேச்சிலேயே சொன்னேன். ஒருத்தி வீட்டுக்குள்ளே நெல்லு குத்திக்கினு இருக்கிறாள். சாமி தெருவில் போகிறது. மேளம், சங்கு, சனங்கள் எல்லாம் போகிறது. இவளுடைய உலக்கைச் சத்தத்தில் இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குத்தி முடித்து வெளியே வருகிறாள். வந்தார், போனார் என்று ஊரே சொல்கிறது. இவள் மேலெல்லாம் தவிடு. இனிமேல் குத்துவதை நிறுத்தி நிறுத்திக் கேட்பேன், நெல்லு அரிசியாகாவிட்டாலும் சரி என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

கஸ்தூரி அக்கா பேச்சை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

"அப்புறம் திரும்ப வந்தாரா?" என்றார் கடைசியில்.

"பாட்டுல இல்லக்கா."

"போன மாசம் பெருமாள் பொறப்பாடு நம்ம தெரு முனையில நின்னுட்டுப் போச்சாம். எல்லாரும் சேவிச்சிட்டு வந்து சொல்றாங்க. இந்த உரலு இடிக்கற இடியில எனக்கு இன்னா கேக்குது?"

சொல்லிவிட்டு, சற்று முன் கண் எழுதி முடித்த ஒரு பொம்மையை எடுத்தார். டர்பன்டைன் நனைத்த துணியால் இரண்டு கண்ணையும் துடைத்தார். வெள்ளை பூசி, ஊதி, காய்கிற வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பட்டறையில் பொம்மைக் கண் நேராகத்தான் பார்க்கும். வாங்க வருகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். அக்கா இமையைக் கொஞ்சம் தாழ்த்தினார். கருவிழியைப் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்த்தி வைத்தார். வேறு எதையும் தொடவில்லை.

அதே மூக்கு, அதே பச்சை ஓலை. ஆனால் அது என் முகம் இல்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு யாராவது காய் நறுக்கினால் விரல்தான் போகும்.

"எங்கக்கா பார்க்கிறா?" என்று கேட்டேன்.

"பார்க்கலமா. காது குடுத்துக்கினு இருக்கா." பிரஷ்ஷைத் துடைத்தார். "இத்த மொதல்லயே சொல்லியிருந்தீன்னா போன வருஷமே எல்லாத்துக்கும் இப்பிடி எழுதியிருப்பேன். நீ குச்சியப் பத்தியே பேசிக்கினு இருந்த."

அந்தப் பொம்மையை வார்னிஷ் காய மேல் பலகையில் வைத்தோம். நான் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்து, அதற்கென்று புதிதாக ஒரு சீட்டு எழுத நல்ல அட்டையாகத் தேடி வைத்தேன். மறுநாள் வேன் சீக்கிரமே வந்துவிட்டது. முந்தின நாள் நான் எழுதி வைத்த சீட்டுகளுக்கு ஆட்கள் ஒவ்வொரு பொம்மையாக எடுத்து ஒட்டிப் பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள். நான் வந்து பார்த்தபோது ஒரு சீட்டும் மிச்சமில்லை, ஒரு பொம்மையும் மிச்சமில்லை. கணக்கு கச்சிதமாக இருந்தது. அதே கண்ணோடு இன்னொன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். "சீசன் முடியட்டும்மா," என்றார் அக்கா. சீசன் முடிவதற்குள் திருப்புட்குழிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று என்னைக் கூப்பிட்டுவிட்டது.

முதலாளி இப்போது இல்லை. பிள்ளைகள் பெங்களூரில். பட்டறை இருந்த இடத்தில், கல்யாணத்துக்குப் பட்டு வாங்க வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் இருக்கிறது. பின்கட்டு உரலைச் செடி வைக்க யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். கஸ்தூரி அக்கா பார்வை மங்கி, அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குச் செய்தி வந்தபோது காரியமே முடிந்திருந்தது.

நவராத்திரியில் நான் இன்னும் வீடு வீடாகப் போகிறேன். ரிட்டயர்மென்ட் நெருங்குகிற டீச்சருக்குச் சுண்டல் ஆசை விடவில்லை என்று நினைக்கிறார்கள். யார் வீட்டிலும் மேல்படியைப் பார்ப்பதில்லை. அக்கா கண் மாற்றிய அந்த ஒருத்தியைத் தேடி நேராகச் சந்தைக் காட்சிக்குத்தான் குனிகிறேன். சில வருஷம் முருங்கைக்காய்ப் பொம்மைகள் கண்ணில் பட்டன. காகிதக் கூழ் ஈரத்துக்குத் தாங்காது. ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் குறைந்துகொண்டே வந்தன. கடைசியாக ஒன்றைச் செவிலிமேட்டில் ஒரு வீட்டில் பார்த்தேன். மடியில் ஓலை பாதி உதிர்ந்திருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். நேராக என்னைத்தான் பார்த்தது.

அவள் இல்லை. கொடுத்த குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.